முடக்கியது முதுமையா?

"வயசாயிப் போச்சுங்க, இனி என்னங்க?"

கொங்கு நாட்டில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும், எந்தத் தோட்டத்துச் சாளையின் வாசலில் நின்றாலும், கயிற்றுக் கட்டிலிலிருந்து எழும் குரல் இது. முழங்காலில் வலியா? வயசாயிப் போச்சு. கண்ணிலே திரையா? வயசாயிப் போச்சு. பசியில்லை, உறக்கமில்லை, யாரோடும் பேசப் பிடிக்கவில்லையா? அதற்கும் அதே விடைதான்! நோய் நூறு, காரணம் ஒன்று. இத்தனை எளிதாக எல்லாவற்றுக்கும் விடையளிக்கும் ஒரு சொல்லைக் கேட்டால், பகுத்தறிவாளர் உள்ளத்தில் ஐயம் பிறக்க வேண்டும்.

அம்மை கண்டபோது "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று சொல்லி, வேப்பிலை செருகி, வாயில் விளக்கேற்றி வழிபட்டது இந்த நாடு. ஆத்தாளை அனுப்பி வைத்தது வேப்பிலையன்று. அம்மைக் குத்தும் ஊசியே. பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக நல நிறுவனம் முழங்கியபோது, காரணம் தேடிய அறிவு வென்றது. கைகூப்பிய அச்சம் தோற்றது. "வயசாயிப் போச்சு" என்பதும் அத்தகைய கைகூப்பல்தான். அம்மைக்குக் கற்பித்த ஆத்தாளுக்குப் பதில், இங்கே வயது என்னும் தெய்வம். வேறுபாடு அவ்வளவே!

முதுமை வேறு, முடக்கம் வேறு. முதுமை, ஆண்டுகளின் கணக்கு. முடக்கம், தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாத நிலை. 1963-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் என்பாரும் அவருடைய துணைவர்களும் இந்த நிலையை அளக்க ஒரு முறை வகுத்தனர். குளித்தல், உடுத்தல், கழிப்பறை சென்று மீளல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறல், மலசலம் அடக்கல், உண்ணல் என ஆறே செயல்கள். இவற்றைத் தாமே செய்வோர் எத்தனை வயதினராயினும் தம் காலில் நிற்போர். செய்ய இயலாதோர், பிறர் கையை எதிர்பார்த்திருப்போர். 2001-இல் உலக நல நிறுவனம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. முடக்கம் என்பது உடலில் உள்ள குறை மட்டுமன்று. அந்த உடலுக்கும், அது வாழும் வீட்டுக்கும், சூழ்ந்திருக்கும் மனிதருக்கும் இடையே விளைவது என்று வரையறுத்தது. படி உயரமானால் முழங்கால் வலி முடக்கமாகிறது. படியைத் தாழ்த்தினால் வலி வலியாகவே நின்றுவிடுகிறது. காலும் அதே, வயதும் அதே. ஆனால் ஒருவர் வாசலுக்கு வருகிறார், மற்றவர் கட்டிலிலேயே கிடக்கிறார்.

இந்த இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலோர் கண்ணுக்குப் படாத மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் மனம்.

மனம் என்றதும், ஆன்மா என்று எண்ணி மலைக்க வேண்டா. அச்சம், சோர்வு, தனிமை, 'நமக்கு இனி வேலையில்லை' என்னும் எண்ணம் — இவையே நாம் குறிப்பவை. இவை உடலை எவ்வாறு முடக்குகின்றன என்பதை உளநூலாரும் மருத்துவரும் ஆய்ந்து கூறியிருக்கின்றனர். அதை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

நாம் ஆசிரியப் பணி செய்யும் ஊர், சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். விசைத்தறியின் ஓசையிலே விழித்து, விசைத்தறியின் ஓசையிலே உறங்கும் ஊர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்கிலே கெட்டிக்காரி, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வருவதில்லை. காரணம் கேட்டால், "அமுச்சியத் தனியா விட்டுட்டு வர முடியாதுங்க சார்" என்பாள். தந்தையும் தாயும் தறிக்குச் செல்பவர்கள். அமுச்சிக்கு எழுபத்திரண்டு வயது. வீட்டுக்குச் சென்று விசாரித்தோம்.

அந்த மூதாட்டி நாற்பது ஆண்டுகள் தறிப்பட்டறையில் தார் சுற்றியவர். ஓராண்டுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, வீக்கமும் பத்து நாளில் வற்றிவிட்டது. வற்றாதது அச்சம். "மறுபடி விழுந்துட்டா?" என்று அவர் அஞ்சினார், அவரைவிட அதிகமாக வீட்டார் அஞ்சினர். "நீங்க எந்திரிக்க வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்" என்றனர். அன்பால் சொன்ன சொல்தான். முதலில் அடுப்படி போயிற்று. பிறகு வாசல் போயிற்று. பிறகு பீரோச் சாவி கைமாறிற்று. கடைசியாகக் குளியலும் உடையும்கூட மற்றவர் கைக்குப் போயின. நாம் கண்டபோது அவரைத் தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள், பள்ளியில் அமர்ந்து கணக்குப் போட வேண்டிய பதினான்கு வயதுப் பெண்!

எலும்பு முறியாத காலை எது முறித்தது?

விழுந்துவிடுவோம் என்னும் அச்சமே ஒரு தனி நோய் எனத் தக்கது. 1990-இல் மேரி டினெட்டி என்னும் அமெரிக்க மருத்துவர், முதியோர் எந்தெந்தச் செயலை விழாமல் செய்ய இயலும் என்று நம்புகின்றனர் என்பதை அளக்க ஓர் அளவுகோல் அமைத்தார். நம்பிக்கை குறையக் குறைய நடை குறைகிறது. நடை குறையக் குறையத் தசை கரைகிறது. தசை கரையக் கரைய உண்மையிலேயே விழுகிறார்கள்! விழுவதற்கு அஞ்சி அசையாதிருந்தவரே விழுவதற்கு ஏற்றவராக ஆகிறார். தசை எத்தனை விரைவில் கரைகிறது தெரியுமா? நோயற்ற முதியோர் சிலரைப் பத்தே நாள் படுக்கையில் இருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளிவந்தது. பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. பத்து நாளுக்கு ஒரு கிலோ என்றால், ஓராண்டு கட்டிலில் கிடத்தப்பட்ட மூதாட்டியின் காலில் என்ன மிஞ்சும்? "ஓய்வெடுங்கள்" என்னும் சொல், பல வேளைகளில் மெல்லக் கொல்லும் நஞ்சு.

அச்சம் ஒன்று. அடுத்தது மனச்சோர்வு. இந்தியாவில் நாற்பத்தைந்து வயது கடந்தோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நேரில் கண்டு, 2017-18-இல் நடுவண் அரசின் சார்பில் ஒரு பேராய்வு நடந்தது. அதன் அறிக்கை 2021-இல் வெளிவந்தது. அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆனால், "மருத்துவர் எமக்கு மனச்சோர்வு என்று கூறியுள்ளார்" என்று சொன்னோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பத்துப் பேருக்கு நோய். ஒருவருக்கே அதன் பெயர் தெரியும்! மற்ற ஒன்பது பேர் எங்கே? "வயசாயிப் போச்சு" என்னும் திரைக்குப் பின்னே.

முதியவரின் சோர்வு கண்ணீராக வருவதில்லை என்பதால் நாம் ஏமாந்து போகிறோம். உடல் முழுதும் வலி, உணவில் வெறுப்பு, விடியுமுன் விழிப்பு, குளிக்க மனமில்லாமை — இப்படித்தான் அது வேடமிட்டு வருகிறது. வலிக்குத் தைலம் தேய்க்கிறார்கள். பசிக்குக் கசாயம் கொடுக்கிறார்கள். எதற்கும் அசையாவிட்டால் சோதிடனிடம் ஏட்டைக் கொண்டுபோகிறார்கள். அவனோ, "ஏழரைச் சனி, இரண்டு ஆண்டு பொறுங்கள்" என்கிறான். பொறுக்கிறார்கள்! சனி விலகுகிறதோ இல்லையோ, அதற்குள் கால் விலகிப் போகிறது. மருந்தாலும் பேச்சாலும் தீரக்கூடிய நோய், கோளின் பெயரால் வளர்க்கப்படுகிறது.

மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால், அன்புள்ளம் கொண்டோர் சினம் கொள்ளக் கூடும். ஆயினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை. அளவு மீறிய உதவியும் முடக்கும். செருமனியில் மார்கரெட் பால்டஸ் என்னும் உளநூல் அறிஞர், முதியோரும் அவர்களைப் பேணுவோரும் பழகும் முறையை நெடுநாள் உற்றுநோக்கினார். முதியவர் தாமே சட்டையை மாட்டிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "முடியவில்லை" என்று கையைத் தூக்கினால் உடனே ஓடிவந்து, பேசி, தொட்டு, மாட்டிவிடுகிறார்கள். தனிமையில் வாடும் உள்ளம் இதிலிருந்து என்ன பாடம் கற்கும்? இயலாமை காட்டினால் மனித முகம் கிடைக்கும். இயன்றால் தனிமையே கிடைக்கும்! இப்பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் கொடியவர்களல்லர், அன்பர்கள்தாம்.

1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு அமெரிக்கப் பெண் அறிஞர்கள், முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஒரு தளத்தினருக்குச் செடி ஒன்றைக் கொடுத்து, "இதைப் பேணுவது உங்கள் பொறுப்பு, உங்கள் அறையை எப்படி அமைப்பது என்பதும் உங்கள் விருப்பம்" என்றனர். மற்றொரு தளத்தினருக்கும் செடி தந்தனர், ஆனால், "பணியாளர் நீர் ஊற்றுவர், நீங்கள் கவலைப்பட வேண்டா" என்றனர். சில வாரங்களில் பொறுப்பேற்றவர்கள் ஊக்கமும் மகிழ்ச்சியும் கூடி நடமாடினர். கவலையற்று இருத்தப்பட்டவர்களோ பெரும்பாலும் தளர்ந்தனர். ஒரு செடி! அதற்கு ஊற்றும் ஒரு குவளைத் தண்ணீர்! 'நான் இன்னும் வேண்டியவன்' என்னும் எண்ணத்துக்கு அவ்வளவுதான் விலை.

இதற்குச் சான்று தேடி அமெரிக்காதான் போக வேண்டுமா? ஈரோட்டுக்குப் போனால் போதாதா? 1879-இல் அங்கே பிறந்த பெரியாரைவிடப் பெரிய சான்று எது? தொண்ணூறைக் கடந்த உடல். சிறுநீர் வடிய உடலோடு குழாய். இருபுறமும் தோழர்கள் தாங்கினால்தான் மேடை ஏற இயலும். சிட்னி காட்ஸின் பட்டியலை வைத்து அளந்தால், ஆறில் பலவற்றுக்குப் பிறர் துணை வேண்டியிருந்தவர். ஆனால் அவரை முடங்கியவர் என்று சொல்ல எவருக்கு நா எழும்? 1973 டிசம்பர் 19-ஆம் நாள் சென்னைத் தியாகராய நகரில் வலியோடு பேசினார். டிசம்பர் 24-ஆம் நாள் வேலூர் மருத்துவமனையில் மறைந்தார். கடைசி மேடைக்கும் கடைசி மூச்சுக்கும் இடையே ஐந்தே நாள்! அவர் உடல் இரும்பாலானது என்று புராணம் பாடினால் அது அவருக்கே இழுக்கு. உண்மை வேறு. அவருக்கு வேலை இருந்தது. அவரை எதிர்பார்த்து ஊர்கள் இருந்தன. வண்டி இருந்தது, தாங்கத் தோள்கள் இருந்தன, மணியம்மையாரின் இடையறாத பேணல் இருந்தது. அந்தத் துணை அவரைப் படுக்க வைக்கவில்லை. மேடைக்குக் கொண்டு சேர்த்தது. உதவி என்பதன் இலக்கணம் அதுதான்.

இன்னொருவர், கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணிப் போயின. அந்த விரல்களுக்கேற்பக் கருவி பிடிக்கப் பழகி, கண்புரை அறுவை செய்தார். 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஐம்பத்தெட்டாம் வயதில், மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1997-இல் அதன் கிளை கோவைக்கும் வந்தது. அவருடைய ஆன்மிக நாட்டத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்தக் கோணிய விரல்களின் உழைப்பை மறுக்கவும் இயலாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "மனம் வைத்தால் எழுந்து நடக்கலாம், நீங்கள்தாம் மனம் வைப்பதில்லை" என்று முதியவரைக் கடிந்துகொள்வது, சோதிடத்துக்குச் சற்றும் குறையாத மூடநம்பிக்கை. கண்புரைக்கு அறுவைதான் மருந்து, தன்னம்பிக்கை அன்று. செவி மந்தத்துக்குக் கருவி வேண்டும். சர்க்கரை நோயால் மரத்த பாதத்துக்கு மருத்துவர் வேண்டும். நினைவு அழியும் மறதி நோய் மூளையின் நோய், பிடிவாதமன்று. முதலில் உடலைச் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் மிஞ்சும் முடக்கத்தில் மனத்தின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். குற்றம் சாட்டுவதற்கன்று, வழி காண்பதற்கு.

வீட்டின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், நம் ஊரின் பங்கும் கூடவே வெளிப்படும். கணவனை இழந்தவள் என்பதால் வெள்ளைச் சேலைக்குள் தள்ளப்பட்டு, கலியாணச் சீரில் ஓரமாக நிறுத்தப்பட்டு, 'எதிரே வராதே' என்று முப்பது ஆண்டு கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு பெண், எழுபதாம் வயதில் கட்டிலைவிட்டு எழ மனமின்றிக் கிடந்தால், அது மூட்டு வலியா? அவளை ஒதுக்கியது வயதா? வைதீகம்! சொத்து உரிமையும் இதில் அடங்கும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல், தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. ஆனால் அச்சட்டம் வருமுன் மணமாகிப் போன பெண்களை அது தொடவில்லை. 2005-இல் நடுவண் சட்டம் எல்லா மகளிர்க்கும் உரிமை தந்தபோது, பல வீடுகளில் பாகப்பிரிவினை பத்திரமாக முடிந்துவிட்டிருந்தது. ஆகவே இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் நம் அமுச்சிகள், இரண்டு சட்டங்களுக்கும் இடையே நழுவிப்போன தலைமுறை. கையில் காணி இல்லை. பெட்டியில் பணம் இல்லை. மருத்துவரிடம் போவதற்கும் மகனின் முகம் பார்க்க வேண்டும். "எனக்கு ஒண்ணும் வேண்டாஞ்சாமி" என்று அவர் சொல்வதைத் துறவு என்று எண்ணிவிடாதீர். கேட்டுப் பழகாத வாயின் சொல் அது.

அப்பாருக்கும் துன்பம் உண்டு. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போக, தோட்டத்துச் சாளையில் இருவராய்த் தனித்திருந்து, ஒருவர் மறைந்தபின் ஒருவராய் எஞ்சுகிறார். 2024-லும் 2025-லும் பல்லடம், சிவகிரிப் பகுதித் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, பொழுது சாய்ந்தால் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே ஒடுங்கும் முதியோர் எத்தனை பேர்! அச்சமும் தனிமையும் கைகோத்து நின்றால், கால் தானே மடங்கும்.

மக்கள் என்ன செய்கிறார்கள்? அறுபது நிறைந்தால் திருக்கடையூருக்குப் புறப்படுகிறார்கள். எண்பது நிறைந்தால் மறுபடியும்! யாகமாம், கலசமாம், ஆயுள் நீடிக்க மந்திரமாம்! வண்டிச் சத்தம், ஐயர் தட்சணை, விருந்து என்று பணம் ஆறாய் ஓடுகிறது. அந்த வீட்டுக் குளியலறையைத் திறந்து பாருங்கள்: பாசி பிடித்த தரை, மங்கிய விளக்கு, பிடித்து எழ ஒரு பிடி இல்லை. உலகுக்கெல்லாம் பம்பு வார்த்தனுப்பும் கோவையிலே, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை உள்ள கணபதியிலும் பீளமேட்டிலும், பெற்ற தாய் பற்றி எழ ஓர் இரும்புக் குழாயைச் சுவரில் பதிக்க ஆள் இல்லையா? ஆயுளை நீட்டுவது அக்கினியா, அந்தக் குழாயா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற இயலாது. 1962-இல் மாதம் இருபது ரூபாயுடன் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை தொடங்கிற்று. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப்பிரிவு கண்டார் மருத்துவர் வி. எஸ். நடராசன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறைப் பயிற்சியையே வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் எட்டு முதல் ஒன்பது பேர். இந்திய நாட்டின் சராசரியைவிட நாம் முன்னே முதுமை எய்துகிறோம். முன்னே வழி காட்ட வேண்டியவர்களும் நாம்தாம். ஆனால் அரசின் பணியாளர் வாரத்துக்கு ஒரு முறை வருவார். எஞ்சிய நாள்களில் வீட்டார்தாம் இருக்கிறார்கள்.

அந்த மாணவியின் வீட்டில் நடந்தது பெரிய அதிசயமன்று. வீடு தேடி வந்த பயிற்சியாளர், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சியை நாளுக்கு ஐந்து முறையிலிருந்து தொடங்கிவைத்தார். குளியலறையில் குழாய் பதிக்கப்பட்டது. முக்காலி ஒன்று வந்தது. பீரோச் சாவி அமுச்சியின் இடுப்புக்குத் திரும்பிற்று. அன்றைக்கு என்ன குழம்பு என்று அவரைக் கேட்கத் தொடங்கினர். அவர் இன்று ஓடவில்லை. தார் சுற்றப் பட்டறைக்குப் போகவும் இல்லை. ஆனால் கழிப்பறைக்குத் தாமே போய் வருகிறார். உட்கார்ந்தபடியே கீரை ஆய்கிறார். பேத்தி நாள்தோறும் பள்ளிக்கு வருகிறாள். ஒரு முதியவரின் முடக்கம் ஒருவரோடு நிற்பதில்லை; ஒரு பெண்ணின் கல்வியையும் சேர்த்தே முடக்குகிறது. பேணும் வேலை மருமகளுக்கும் பேத்திக்கும் மட்டுமே உரியது என்னும் பழைய எண்ணத்தை நாம் எரித்துவிட்டதாக எண்ணுகிறோம். அடுப்படியில் அது இன்னும் எரியாமல் கிடக்கிறது. பெற்றவளைக் குளிப்பாட்ட மகனுக்குக் கையில்லையா?

தோழர்களே! மேடையில் விதியை வீழ்த்துவது எளிது. வீட்டில் வீழ்த்துவதே அரிது. உங்கள் வீட்டுக் கட்டிலருகே சென்று அமருங்கள். கண்ணைச் சோதித்தார்களா, காதைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். உறக்கமும் பசியும் எப்படி என்று கேளுங்கள். சோர்வு தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வழி தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது. குளியலறைச் சுவரில் ஒரு குழாயைப் பதியுங்கள். அவர் கையால் செய்யக்கூடிய வேலை ஒன்றை அவர் கையிலேயே விடுங்கள்; நேரம் ஆனாலும் பொறுத்திருங்கள். படிப்பகத்துக்கு அவரை அழைத்து வந்து நாளேடு படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெள்ளைச் சேலைக்காரரை அடுத்த மணவிழாவில் முன்வரிசையில் அமர்த்துங்கள்.

இதற்கெல்லாம் நாள் பார்க்க வேண்டா. நட்சத்திரம் பார்க்க வேண்டா. "வயசாயிப் போச்சு" என்று அவர் இனிச் சொல்லும்போது, "ஆகட்டுங்க, எந்திரிங்க, வாசல் வரைக்கும் போய் வரலாம்" என்று கை நீட்டுங்கள். எழ வேண்டியவர் அவர். நீட்ட வேண்டிய கை நம்முடையது.